பயிற்சி மேடையேறிய நூற்றாண்டு

ஷோபினின் பத்தாம் ஓபஸில் இரண்டாவது எட்யூட், ஏ மைனரில் அமைந்தது. வலது கையின் நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றும் மட்டுமே அதில் ஓட வேண்டும். கறுப்புக் கட்டை, வெள்ளைக் கட்டை எதையும் விடாமல் அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக மேலேறி, இறங்கி, மறுபடியும் ஏற வேண்டும். வழக்கமாக இத்தகைய ஓட்டத்துக்குத் தோள் கொடுக்கும் பெருவிரல் இங்கே உதவிக்கு வராது. ஒவ்வொரு அடியின் தொடக்கத்திலும் ஆள்காட்டி விரலோடு சேர்ந்து ஒரு சிறு கார்டைத் தொட்டுவிட்டு விலகுவது அதன் வேலை. ஆகவே நீளமான நடுவிரல் மோதிர விரலையும் சுண்டுவிரலையும் தாண்டித் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. குறிக்கப்பட்ட வேகத்தில் வாசித்தால் நொடிக்கு ஒன்பது, பத்து ஸ்வரங்கள் விழும். ஒன்றரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். எந்த விரல் எங்கே விழ வேண்டும் என்று ஷோபின் நெடுக எண் போட்டுவைத்திருக்கிறார். அதை மாற்றி, பலமான விரல்களுக்கு வேலையைப் பகிர்ந்து கொடுத்துப் பார்க்கலாம். ஸ்வரங்கள் எல்லாம் வந்துவிடும், ஆனால் அந்த ஓட்டத்துக்குள் இருக்கும் நெளிவும் லேசான பதற்றமும் போய்விடும்.

இதைச் சாதகம் என்பதா, சங்கீதம் என்பதா? கச்சேரி எட்யூட் என்ற வடிவமே 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இந்தக் கேள்வியிலிருந்துதான் எழுந்தது. ஒரே ஒரு விரல் சிக்கலை எடுத்துக்கொண்டு, அதை மட்டும் வைத்துச் சில நிமிடங்களில் ஒரு முழுப் படைப்பைக் கட்டி எழுப்புவது அதன் இலக்கணம். வித்தை காட்டுவதற்காக வந்த வடிவம் என்று சற்று இளக்காரமாகவே பலர் இதைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடினத்தைக் கூட்டிக்கொண்டே போனதால் இந்த வடிவம் உயரவில்லை. மனிதக் கை எப்படி அமைந்திருக்கிறது, பியானோ என்ற கருவியால் எது முடியும், எது முடியாது என்று கூர்ந்து பார்த்த சிலர், அந்தக் கவனிப்பிலிருந்தே புதிய இசையைக் கண்டெடுத்தார்கள். அந்த இசையில் கடினம் ஒரு விளைவு மட்டுமே.

முதலில் இருந்தது பயிற்சிதான். முஸியோ கிளெமென்டி லண்டனில் பியானோ செய்து விற்ற நிறுவனத்தின் பங்குதாரர், இசைப் பதிப்பாளர், ஆசிரியர். 1817க்கும் 1826க்கும் இடையில் மூன்று தொகுதிகளாக அவர் வெளியிட்ட 'கிராடுஸ் அட் பார்னாஸம்' நூறு படைப்புகள் கொண்டது. அவருடைய மாணவர் கிராமர் 1804இலும் 1810இலுமாக 84 எட்யூட்களை வெளியிட்டார். வியன்னாவில் கார்ல் செர்னி இருந்தார். பீத்தோவனிடம் படித்தவர், சிறுவன் லிஸ்ட்டுக்குக் கற்றுக்கொடுத்தவர், எண்ணூறைத் தாண்டிய ஓபஸ் எண்களை விட்டுச் சென்றவர். நடுத்தர வர்க்கத்து வீடுகளில் பியானோ நுழைந்துகொண்டிருந்த காலம் அது. கருவி வாங்கியவருக்கு ஆசிரியர் வேண்டும், ஆசிரியருக்குப் பாடப்புத்தகம் வேண்டும். கிளெமென்டி போன்றவர்கள் மூன்றையும் ஒருங்கே கொடுத்தார்கள்.

இந்தப் பாடப்புத்தகங்களின் அடியில் ஒரு நம்பிக்கை ஓடியது: ஐந்து விரலும் சமபலம் பெற வேண்டும். கையின் இயல்பு அதற்கு ஒத்துழைக்காதபோது இயந்திரங்கள் வந்தன. யோஹான் பெர்ன்ஹார்ட் லோகியர் 1814இல் காப்புரிமை பெற்ற 'கைரோபிளாஸ்ட்' என்ற சட்டகம், மாணவரின் மணிக்கட்டையும் விரல்களையும் கட்டைகளுக்கு மேல் நிலையாகப் பிடித்துவைக்கும். பாரிஸின் புகழ்பெற்ற கலைஞர் கால்க்பிரென்னர் அதை எளிமைப்படுத்தி, முன்கையைத் தாங்கும் ஒரு கம்பியாக்கினார். ராபர்ட் ஷூமானும் விரலைப் பலப்படுத்த ஒரு சாதனத்தைப் பயன்படுத்தினார். 1830களின் தொடக்கத்தில் அவருடைய வலது கை விரல் செயலிழந்து, மேடைக் கலைஞராகும் கனவு முடிந்துபோனது. அந்தச் சாதனம்தான் காரணமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் விரலை இயந்திரத்தில் பூட்டலாம் என்று அவ்வளவு நுட்பமான ஒரு மனிதருக்கும் தோன்றியது என்பதே அந்தக் காலத்தின் போக்கைக் காட்டிவிடுகிறது.

ஷோபின் 1831இல் பாரிஸ் வந்து சேர்ந்தபோது, தன்னிடம் மூன்று ஆண்டு படிக்கும்படி கால்க்பிரென்னர் அழைத்தார். 21 வயது இளைஞருக்கு அது பெரிய மரியாதை. ஷோபின் யோசித்தார், வார்சாவுக்கு எழுதிக் கேட்டார், கடைசியில் மறுத்துவிட்டார். தன் ஈ மைனர் கான்செர்ட்டோவைக் கால்க்பிரென்னருக்குக் காணிக்கையாக்கியதோடு அந்த உறவு மரியாதையாகவே நின்றது. அவர் மறுத்ததற்கான காரணம் அதற்கு முன்பே அவருடைய பெட்டிக்குள் இருந்தது. 1829 அக்டோபரில், வார்சாவில் இருந்தபோதே, தன் வழியில் ஒரு பெரிய பயிற்சியை எழுதியிருப்பதாக நண்பர் டைட்டஸுக்குக் கடிதம் போட்டிருந்தார். அந்த வரிசை வளர்ந்து 1833இல் பத்தாம் ஓபஸாக, பன்னிரண்டு எட்யூட்களாக வெளிவந்தது. லிஸ்ட்டுக்குக் காணிக்கை. அடுத்த பன்னிரண்டு, 25ஆம் ஓபஸ், 1837இல் வந்தது.

பிற்காலத்தில் ஷோபின் ஒரு பியானோ பாடநூலை எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்டார். மிஞ்சிய குறிப்புகளில் அவர் சொல்லும் ஒரு கருத்து, அந்த நூற்றாண்டின் பாடப்புத்தகங்கள் அத்தனைக்கும் எதிரானது. விரல்களைச் சமப்படுத்த முயல்வது இயற்கைக்கு விரோதம், ஒவ்வொரு விரலின் நாதமும் அதன் அமைப்புக்கு ஏற்ப வேறு, அந்த வேறுபாட்டைக் கெடுக்காமல் வளர்க்க வேண்டும் என்கிறார். மாணவர்களுக்கு அவர் முதலில் கொடுத்தது எல்லோரும் தொடங்கும் சி மேஜர் ஸ்கேல் அல்ல, பி மேஜர். நீளமான விரல்கள் உயரமான கறுப்புக் கட்டைகளிலும், குட்டையான பெருவிரலும் சுண்டுவிரலும் வெள்ளைக் கட்டைகளிலும் தாமாகவே போய் உட்காரும் இடம் அது. பார்வைக்கு ஐந்து கறுப்புக் கட்டை கொண்ட கடினமான ஸ்கேல். கைக்கு அதுவே மிக எளிது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு எட்யூட்களைக் கேட்டால் பல விஷயங்கள் துலங்கும். ஏ மைனர் எட்யூட்டில் பலவீனமான மூன்று விரல்களிடம் ஓட்டத்தை ஒப்படைத்தது வம்புக்காக அல்ல. பெருவிரலின் கனம் இல்லாததால்தான் அந்த ஒலி அப்படி இருக்கிறது. பெருவிரலைத் தாராளமாகப் பயன்படுத்தும் முறை வேரூன்றுவதற்கு முந்தைய காலத்துக் கலைஞர்கள் இப்படித்தான் விரல் மேல் விரல் தாண்டி வாசித்தார்கள். பழைய வழக்கம் ஒன்று புதிய ஒலியாகத் திரும்பி வந்தது. அதே ஓபஸின் மூன்றாவது, ஈ மேஜரில் உள்ளது, மெதுவானது. வேகம் இல்லாத எட்யூட்டில் என்ன பயிற்சி? வலது கையின் வெளிவிரல்கள் பாட்டைப் பாடுகின்றன, அதே கையின் உள்விரல்கள் அலையலையாகப் பக்கவாத்தியம் வாசிக்கின்றன. பாட்டு ஓங்கியும் மற்றது அடங்கியும் ஒலிக்க வேண்டும். ஒரே கைக்குள் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பதே அங்கே பாடம். 25ஆம் ஓபஸின் ஏழாவதில் பாட்டு பெரும்பாலும் இடது கையில், செல்லோவின் குரலில் வருகிறது. செர்னியின் பட்டியலில் இத்தகைய சிக்கல்களுக்கு இவ்வளவு பெரிய இடம் இருந்ததில்லை. கேட்கும் திறனையே விரலுக்கான பாடமாக்கியவர் ஷோபின்.

கருவியும் மாறிக்கொண்டிருந்தது. எரார் நிறுவனம் 1821இல் காப்புரிமை பெற்ற இரட்டை விடுப்பு இயக்கத்தில், கட்டை முழுவதும் மேலெழும்பி வராமலேயே சுத்தியல் மறுபடியும் தந்தியை அடிக்கத் தயாராகிவிடும். ஒரே ஸ்வரத்தை மின்னல் வேகத்தில் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்ய அதனால் முடிந்தது. ஸ்தாயிகள் மேலும் கீழும் கூடின. இரும்புத் தாங்கிகள் வந்ததால் தந்திகளை இன்னும் இறுக்கிக் கட்டலாம், ஒலி பெரிதானது. லிஸ்ட் 12 வயதில் பாரிஸ் வந்தார். வெளிநாட்டவர் என்பதால் இசைக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்ட அந்தச் சிறுவனை ஆதரித்தது எரார் குடும்பம். ஷோபின் விரும்பியதோ பிளெயெலின் மென்மையான கருவியை.

ஆனால் எந்தக் கருவியிலும் தீராத குறை ஒன்று இருந்தது. பியானோவில் அடித்த கணத்திலிருந்தே ஸ்வரம் செத்துக்கொண்டிருக்கும். வயலினைப் போல இழுத்துப் பிடிக்க முடியாது, குரலைப் போல நடுவில் வீங்க வைக்க முடியாது. கச்சேரி எட்யூட்களின் ஓயாத அசைவுகள் பலவும் இந்தக் குறைக்குச் சொன்ன பதில்கள். 1849இல் வெளிவந்த லிஸ்ட்டின் மூன்று கச்சேரி எட்யூட்களில் கடைசியான 'உன் சோஸ்பிரோ'வைப் பாருங்கள். இரண்டு கைகளும் கருவியின் அடியிலிருந்து உச்சிவரை அலையலையாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கின்றன. நடுவே ஒரு பாட்டு ஒலிக்கிறது. அதை வாசிப்பது எந்தக் கை? ஒரு ஸ்வரத்தை வலது கை போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போகிறது, அடுத்ததை இடது கை வந்து தொடுகிறது. மூன்றாவது கை ஒன்று இருப்பதாகவே காது நம்பும். பெடல் பிடித்துவைத்த அலைகளின் மேல் அந்தப் பாட்டு அறுபடாமல் மிதக்கிறது. அடித்தால் அடங்கிவிடும் கருவி நீண்டு பாடுகிறது. அந்தக் கைமாற்றம் கண்ணுக்கு அழகான காட்சி என்பது உண்மைதான், ஆனால் அது காதுக்காகவே செய்யப்பட்டது.

லிஸ்ட்டை இந்தத் திசையில் திருப்பியது ஒரு வயலின். 1832 ஏப்ரலில், பாரிஸில் காலரா பரவியிருந்த நாட்களில், பகானினியின் கச்சேரியை அவர் கேட்டார். வயது 20. அடுத்த மாதமே ஜெனிவாவில் இருந்த மாணவருக்கு எழுதிய கடிதத்தில், மூன்றாம் இடைவெளி, ஆறாம் இடைவெளி, ஸ்தாயிகள், திரும்பத் திரும்ப அடிக்கும் ஸ்வரங்கள் என்று ஒரு நாளைக்கு நான்கைந்து மணி நேரம் பயிற்சி செய்வதாகச் சொல்கிறார். 1838இல் பகானினியின் வயலின் இசையிலிருந்து ஆறு எட்யூட்களை எழுதினார், 1851இல் திருத்தினார். கிளாரா ஷூமானுக்குக் காணிக்கையான இந்த ஆறில் மூன்றாவதுதான் 'லா காம்பனெல்லா'. பகானினியின் இரண்டாம் கான்செர்ட்டோவின் இறுதிப் பகுதியில் வரும் சிறு மணியோசை அதன் விதை. லிஸ்ட் அந்த மணியைக் கருவியின் உச்சியில் உள்ள ஒரு டி ஷார்ப்பில் வைத்தார். அங்கே தந்திகள் குட்டை, ஒலி எழுந்த உடனே அடங்கிவிடும். பாட்டுக்கு உதவாத பகுதி, மணிக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. வலது கை கீழே பாட்டின் ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் மேலே பாய்ந்து மணியை அடித்துத் திரும்புகிறது. பாய்ச்சலின் தூரம் போகப்போக இரண்டு ஸ்தாயி வரை நீளுகிறது.

லிஸ்ட்டின் இன்னொரு தொகுப்பை மூன்று நிலைகளில் படிக்க முடிவது இசை வரலாற்றில் அரிதான வாய்ப்பு. 1826இல், 15 வயதுப் பையனாக, அவர் பன்னிரண்டு பயிற்சிகளை எழுதினார். அவை மார்செய் நகரில் அச்சேறின. அட்டையில் எல்லா மேஜர், மைனர்களிலும் 48 பயிற்சிகள் என்று அறிவித்திருந்தார்கள். வந்தது பன்னிரண்டுதான். செர்னியின் வாசம் வீசும் சுத்தமான பாடங்கள் அவை. 1837இல் அதே பன்னிரண்டையும் எடுத்து அசுரத்தனமாக விரித்து எழுதினார். அப்போதும் தலைப்பில் 24 என்றார், உள்ளே பன்னிரண்டே. 1852இல் மூன்றாவது முறையாக எழுதி, ஆசிரியர் செர்னிக்குக் காணிக்கையாக்கினார். இன்று 'டிரான்ஸென்டென்டல் எட்யூட்கள்' என்று நாம் கேட்பது இந்தக் கடைசிப் பதிப்பை.

டி மைனரில் உள்ள நான்காவதை மட்டும் பின்தொடர்ந்து போகலாம். 1826இல் அது ஓர் எளிய பாடம்: இரண்டு கைகளும் ஒன்று மாற்றி ஒன்றாக இரட்டை ஸ்வரங்களை அடித்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவே. 1837இல் அந்த அசைவு அப்படியே அடியில் இருக்க, அதற்கு மேல் ஒரு பெரும் பாட்டு கார்டுகளாக வந்து அமர்ந்தது. பயிற்சியே பக்கவாத்தியமாகிவிட்டது. அதன் பிறகுதான் பெயர் வந்தது. 1847இல் தனியாக வெளியானபோது அது 'மஸெப்பா', விக்டர் ஹ்யூகோவுக்குக் காணிக்கை. குதிரையில் கட்டி விரட்டப்பட்டு, விழுந்து, கடைசியில் தலைவனாக எழும் உக்ரேனிய வீரனைப் பற்றி ஹ்யூகோ எழுதிய கவிதையின் நிழல் அதில் படிந்தது. கதையிலிருந்து இசை பிறக்கவில்லை. விரல் அசைவுக்குள் குதிரைக் குளம்பொலி இருப்பதைச் சில ஆண்டுகள் கழித்து லிஸ்ட் கேட்டிருக்கிறார். 1852 பதிப்பில் நடுவே ஓடும் மூன்றாம் இடைவெளிகளுக்கு அவர் போட்டிருக்கும் விரலெண் விசித்திரமானது: இரண்டு, நான்கு. அடுத்ததற்கும் இரண்டு, நான்கு. விரல் மாற்றி வழவழப்பாக வாசிக்க வழி இருந்தும், ஒரே ஜோடி விரல் ஒவ்வொரு முறையும் எழும்பி விழ வேண்டும் என்கிறார். அப்படி வாசித்தால் ஒவ்வொரு ஜோடியும் தனித்தனியாக, தரையை உதைத்து எழும்புவது போலக் கேட்கும். வசதிக்காக விரலை மாற்றுபவர்கள் இன்றும் உண்டு. அவர்களிடம் ஓட்டம் கிடைக்கிறது, குளம்பு கிடைப்பதில்லை.

1837 பதிப்பைப் பார்த்து ஷூமான் 1839இல் தன் இதழில் விரிவாக எழுதினார். சிறுவயதுப் பயிற்சிகளே இப்படி வளர்ந்து நிற்கின்றன என்பதை இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். புயலும் பயங்கரமும் நிறைந்த இவற்றை வாசிக்க உலகில் பத்துப் பன்னிரண்டு பேரே இருப்பார்கள் என்று கணித்தார். அடியில் இருக்கும் இசைக்கருத்து இந்தப் பாரத்தைத் தாங்குமா என்ற ஐயமும் அவருக்கு இருந்தது. அந்த ஐயம் நியாயமானது என்றே நினைக்கிறேன். 1837 பதிப்பில் சில பக்கங்கள் கறுத்துப்போகும் அளவுக்கு ஸ்வரங்கள் நெரிகின்றன. எல்லாக் கதவையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்ட இளைஞனின் வேகம் அது.

அப்படியானால் 1852இல் என்ன நடந்தது? பத்தாம் இடைவெளிக்கு மேல் கையை விரிக்க வேண்டிய இடங்கள் நீங்கின. நெரிசல் குறைந்தது. வாசிப்பது எளிதானது, இந்த வடிவத்துக்குரிய அர்த்தத்தில் மட்டும் எளிது. ஆனால் கேட்பதற்கு ஒலி பெருகியது. இதில் கவனிக்க வேண்டியது காலம். 1847இல் லிஸ்ட் சம்பளத்துக்குக் கச்சேரி செய்வதையே நிறுத்திவிட்டார். அடுத்த ஆண்டு வைமார் நகரில் நிலையாகத் தங்கி, நடத்துநராகவும் ஆசிரியராகவும் ஆனார். யாரையும் வெல்ல வேண்டிய தேவை இல்லாத மனிதர் அந்தத் திருத்தங்களைச் செய்தார், அவற்றை வாசிக்கப்போவது பிறருடைய கைகள். இதுவே செல்லும், பழையவற்றை விட்டுவிடுங்கள் என்றும் அறிவித்தார். வெறும் வித்தைதான் நோக்கம் என்றால் 1837 பதிப்போடு நின்றிருக்கலாம். வித்தைக்காரர் தன் கடினங்களைத் தானே களைந்த இந்த வேலைதான், கச்சேரி எட்யூட் என்ன தேடியது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சாட்சி.

மேடைக்கு இவை வந்த விதம் தனிக்கதை. ஷோபின் பொதுமேடையில் மிகக் குறைவாகவே வாசித்தவர். தன் எட்யூட்களை லிஸ்ட் வாசிக்கும்போது, அந்த வாசிப்பு முறையைத் திருடிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது என்று 1833இல் ஒரு நண்பருக்கு மனமார எழுதினார். 1837-38 குளிர்காலத்தில் வியன்னாவில் 18 வயது கிளாரா வீக் (பின்னாளில் கிளாரா ஷூமான்), ஷோபினின் எட்யூட்களோடு அடால்ஃப் ஹென்ஸெல்ட்டின் எட்யூட்களையும் வாசித்தார். ஹென்ஸெல்ட்டின் இரண்டாம் ஓபஸ் தலைப்பிலேயே 'கச்சேரி எட்யூட்' என்று போட்டுக்கொண்டு வந்தது. 1840 ஜூனில் லண்டனில் லிஸ்ட் பாடகர்களோ இசைக்குழுவோ இல்லாமல் தனியாக ஒரு மாலையை நடத்தியபோது, அதை 'ரிசைட்டல்' என்று விளம்பரம் செய்தார்கள். ஒருவரே ஒன்றரை, இரண்டு மணி நேரம் சபையைப் பிடித்துவைக்க வேண்டும் என்றால், குறுகியதும் கூரியதும் ஒன்றுக்கொன்று வேறுபட்டதுமான படைப்புகள் வேண்டும். எட்யூட் கச்சிதமாகப் பொருந்தியது.

இந்தக் கச்சிதத்தையே உடைத்தவர் ஷார்ல் வாலன்டைன் அல்கான். பாரிஸில் ஷோபினின் அண்டை வீட்டுக்காரராகவும் நண்பராகவும் இருந்தவர், நீண்ட காலம் மேடையை விட்டே விலகி வாழ்ந்தவர். 1857இல் வந்த அவருடைய 39ஆம் ஓபஸ், எல்லா மைனர்களிலும் பன்னிரண்டு எட்யூட்கள். அவற்றில் நான்கு முதல் ஏழு வரை சேர்ந்தால் ஒரு சிம்பனி. எட்டு முதல் பத்து வரை ஒரு கான்செர்ட்டோ, இசைக்குழு இல்லாமல் ஒற்றைப் பியானோவுக்கே. அதன் முதல் பகுதி மட்டும் 1,343 தாளக்கட்டங்கள் நீளம், வாசிக்க ஏறக்குறைய அரை மணி நேரம். இசைக்குழு முழங்கும் இடமும் தனிவாத்தியம் பேசும் இடமும் ஒரே கருவியில் வேறுவேறாகக் கேட்க வேண்டும் என்பதே அங்கே சிக்கல். கருவியின் எல்லையைப் பரிசோதித்தவர்களில் அவரளவுக்குப் போனவர் இல்லை. அந்தக் கான்செர்ட்டோவைக் கேட்டு முடிக்கும்போது எனக்கு வியப்பைவிட மரியாதையே மேலோங்குகிறது.

நூற்றாண்டின் பின்பாதியில் பாதைகள் பிரிந்தன. 1873இல் ஷார்ல் லூயி ஹானோனின் 60 பயிற்சிகள் வந்தன. பாட்டு என்று எதுவும் இல்லாத வெறும் விரல் ஓட்டம், இன்றும் உலகெங்கும் மாணவர்களின் மேசையில் இருக்கிறது. பயிற்சி அங்கே போனது, இசை எட்யூட்டோடு தங்கியது. லிஸ்ட்டின் இசையை விரும்பாத பிராம்ஸும் இந்த ஈர்ப்பிலிருந்து தப்பவில்லை. பகானினியின் 24ஆம் காப்ரிஸை வைத்து 1860களின் தொடக்கத்தில் அவர் எழுதிய மாறுபாடுகள், ஒவ்வொன்றிலும் பதினான்கு கொண்ட இரண்டு புத்தகங்கள், அச்சில் முதலில் தாங்கிய பெயர் 'பியானோவுக்கான எட்யூட்கள்'. அவற்றின் கறாரான கட்டுமானத்தைக் கேட்கும் எவரும், வித்தை வேறு ஆழம் வேறு என்று பிரித்துப் பேசத் தயங்குவார்கள்.

லிஸ்ட்டின் டிரான்ஸென்டென்டல் எட்யூட்கள் பன்னிரண்டும் சி மேஜரில் தொடங்கி, ஏ மைனர், எஃப் மேஜர், டி மைனர் என்று ஃபிளாட்கள் கூடும் திசையில் போய் பி ஃபிளாட் மைனரில் நிற்கின்றன. ஷார்ப் பக்கத்துப் பன்னிரண்டும் எழுதப்படாமலே இருந்தன. ரஷ்யாவில் செர்கெய் லியாபுனோவ் 1897இல் அந்த இடத்திலிருந்து தொடங்கினார். எஃப் ஷார்ப் மேஜரில் ஒரு தாலாட்டு முதலாவது, பி மைனரில் காகசஸ் மலைநாட்டு நடனமான லெஸ்கின்கா பத்தாவது. 1905இல் ஈ மைனரில், லிஸ்ட்டின் நினைவுக்கு எழுதிய இரங்கல் இசையோடு பன்னிரண்டையும் முடித்தார். இருபத்து நான்கும் நிறைந்தன.